வெடியின் வேகத்தில் இறுகும் உலோகத் தூள்

டில்லியில் குதுப் மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணைப் பற்றிக் கேள்விப்படாதவர் சிலரே. ஏழு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண் குப்தர் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், செய்யப்பட்டது. நெடுங்காலமாகத் துரு அரிக்காமல் நிற்பதால் அது புகழ் பெற்றது. உலோகத் தொழிலை அறிந்தவர்களுக்கு அதில் வேறொரு வியப்பும் உண்டு. அத்தூணின் இரும்பு வார்க்கப்பட்டதன்று. இரும்பு உருகும் வெப்பநிலையாகிய 1,538 டிகிரி சென்டிகிரேடை அக்காலத்துச் சூளைகள் எட்டவில்லை. சூளையிலிருந்து கிடைத்தவை துளைகள் நிறைந்த இரும்புக் கட்டிகளே. அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, ஒன்றுடன் ஒன்று ஒட்டச் செய்தே அத்தூணை உருவாக்கினர்.

உலோகத்தை முழுவதும் உருக்காமலேயே சிறு துண்டுகளை ஒன்றாக்கிப் பெரும் பொருள் செய்யலாம் என்பதற்கு இத்தூண் சான்றாகும். துண்டுகளுக்குப் பதில் நுண்ணிய தூளையும், சம்மட்டிக்குப் பதில் வெடிமருந்தையும் பயன்படுத்தினால் என்ன நிகழும் என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகள் எழுப்பினர். அதிலிருந்து வளர்ந்ததே, உலோகத் தூளையும் பீங்கான் இனத் தூளையும் வெடியின் அதிர்ச்சி அலையால் இறுக்கித் திண்மப் பொருளாக்கும் முறை.

தூளிலிருந்து பொருள் செய்தல்

தூளிலிருந்து உலோகப் பொருள் செய்யும் கலை புதிதன்று. பிளாட்டினத்தை உருக்க இயலாதிருந்த காலத்தில், இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் அதனைத் தூளாகப் பெற்று, அழுத்தி, சூடாக்கி, அடித்துத் தகடாக்கினார். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையும் தூளிலிருந்தே பிறந்தது. 1923-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு தூளுடன் கோபால்ட்டைச் சேர்த்துச் சுட்டு, எஃகையே அறுக்கும் வெட்டுக் கருவிப் பொருளை உருவாக்கினார். இன்று பாறை துளைக்கும் கருவிகளின் முனையிலும் கடைசல் இயந்திரத்தின் உளியிலும் இருப்பது அவ்வினப் பொருளே.

இம்முறைகளில் பொதுவாக இரண்டு படிகள் உண்டு. முதலில் தூளை அச்சிலிட்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அழுத்துவர். அப்போதும் மணிகளுக்கிடையே வெற்றிடம் எஞ்சியிருக்கும். மணிகள் ஒன்றையொன்று தொடுமேயன்றி உறுதியாக ஒட்டியிரா. அடுத்து அதனை உருகுநிலைக்குக் கீழான வெப்பத்தில் நெடுநேரம் சூளையில் வைப்பர். மணிகள் தொடும் இடங்களில் அணுக்கள் மெல்ல நகர்ந்து பாலம் அமைக்கும்; வெற்றிடங்கள் சுருங்கும்; பொருள் இறுகும். குயவர் சுடும் பானை உறுதிபெறுவதும் ஏறக்குறைய இவ்வாறே.

இம்முறை பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது. சில பொருள்களுக்கு மட்டும் நெடுநேர வெப்பமே பகையாகிறது. உருகிய உலோகத்தை மிக விரைவாகக் குளிரவைத்துச் சில சிறப்பான தூள்களைச் செய்கின்றனர். அவற்றின் நற்பண்புகள் மணிகளின் நுண்ணிய உள்ளமைப்பைப் பொறுத்தவை. சூளையில் வைத்தால் அவ்வமைப்பு கலைந்துவிடும். அலுமினியத்துடன் சிலிக்கன் கார்பைடைக் கலக்கும்போது, உருகிய அலுமினியம் அதனுடன் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடைத் தோற்றுவிக்கக்கூடும். அது ஈரத்தால் சிதையும் தன்மையுடையது. டங்ஸ்டனையும் தாமிரத்தையும் ஒன்றாக உருக்குவதோ இயலாத செயல். டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில். தாமிரம் அதற்கு வெகு முன்னரே, ஏறத்தாழ 2,560 டிகிரியில், கொதித்து ஆவியாகிவிடும். இத்தகைய பொருள்களை ஒட்டவைக்க வெப்பம் வேண்டும்; ஆனால் அவ்வெப்பம் நீடித்திருக்கலாகாது. இம்முரண்பாட்டிற்கு வெடி ஒரு விடை தருகிறது.

வெடி செய்யும் வேலை

மிக எளிய அமைப்பைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரு எஃகுக் குழாயில் தூளை நிரப்பி, இரு முனைகளையும் உலோக அடைப்பான்களால் மூடுவர். குழாயைச் சுற்றி வெடிமருந்து சீரான கனத்தில் சூழ்ந்திருக்கும். மேல்முனையில் தொடங்கிய வெடிப்பு வினாடிக்குச் சில ஆயிரம் மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி ஓடும். அது ஓடும் இடந்தோறும் குழாயின் சுவர் உள்நோக்கி நசுங்கும். அந்நசுக்கம் தூளினுள் ஓர் அதிர்ச்சி அலையைச் செலுத்துகிறது.

அதிர்ச்சி அலை சாதாரண ஒலி அலையைப் போன்றதன்று. ஒலி அலையில் அழுத்தம் மெல்ல ஏறி இறங்கும். அதிர்ச்சி அலையிலோ அழுத்தம் மதில்போல் செங்குத்தாக எழும். அலையின் முன்புறத்தில் தூள் அசைவற்றுத் தளர்ந்து கிடக்கிறது. பின்புறத்தில் அது பல பதினாயிரம் வாயுமண்டல அழுத்தத்தில் நெருங்கி, வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் நகர்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில தூள் மணிகளின் அகலமே ஆகும்.

ஒரு சிறு கணக்கு

இந்த அலையினால் தூளுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்பதை உயர்நிலைப்பள்ளிக் கணக்காகவே போடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கினும் பிரான்சைச் சேர்ந்த யூகோனியோவும் வகுத்த சமன்பாட்டின்படி, ஒரு பொருளின் உள்ளாற்றல் பெருகும் அளவு, அழுத்தத்தையும் பருமன் குறைந்த அளவையும் பெருக்கி வருவதில் பாதியாகும். தொடக்க அழுத்தம் மிகச் சிறிதாகலின் அதனைக் கணக்கில் கொள்ள வேண்டுவதில்லை.

இரும்புத் தூளை எடுத்துக்கொள்க. திண்ம இரும்பு ஒரு கிராமுக்கு 0.127 கன சென்டிமீட்டர் இடம் கொள்ளும். நூற்றுக்கு அறுபது பங்கே நிறைந்த தளர்ந்த தூளாயின் அதே ஒரு கிராம் 0.212 கன சென்டிமீட்டர் இடம் கொள்ளும். ஏறத்தாழ 50,000 வாயுமண்டல அழுத்தமுள்ள அலை அதனை முழுவதும் இறுக்கினால், கிராம் ஒன்றுக்குச் சுமார் 210 ஜூல் ஆற்றல் சேரும். இது சீராகப் பரவினால் இரும்பின் வெப்பநிலை ஏறத்தாழ 400 டிகிரி உயரும். இரும்பு உருகுவதற்கு இது போதவே போதாது.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. தூளில் வெற்றிடம் மிகுந்தால் வெப்பமும் மிகும் என்பது முதலாவது. அதே அழுத்தம் துளையற்ற திண்ம இரும்பில் பாய்ந்தால் அதன் பருமன் சிறிதே குறையும். ஆகவே வெப்பமும் சிறிதே தோன்றும். சராசரி வெப்பநிலையைக் கொண்டு மட்டும் மணிகள் ஒட்டுவதை விளக்க முடியாது என்பது இரண்டாவது. 400 டிகிரியில் இரும்பு மணிகள் கணப்பொழுதில் ஒட்டிக்கொள்ளமாட்டா. ஆயினும் அவை ஒட்டுகின்றன. அறுத்து மெருகிட்டு உருப்பெருக்கியின்கீழ்ப் பார்த்தால், மணிகளின் எல்லைகளில் உருகி உறைந்த மெல்லிய படலங்கள் காணப்படுகின்றன.

மேற்பரப்பில் மட்டும் வெப்பம்

இதன் காரணம், வெப்பம் சீராகப் பரவாமையே. அலை வரும்போது மணியின் நடுப்பகுதி அதிகம் உருமாறுவதில்லை. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதும், மோதுவதும், இடைவெளிகளுக்குள் பீறிட்டுப் பாய்வதும் மேற்பரப்பிலேயே நிகழ்கின்றன. ஆகவே ஆற்றலின் பெரும்பகுதி அங்கேயே வெப்பமாகிறது.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணியை மேற்கண்ட அலை கடக்க ஆகும் நேரம், ஒரு வினாடியில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு அளவே. மேற்பரப்பின் வெப்பம் அம்மணியின் நடுவைச் சென்றடைய வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவாவது வேண்டும். அதாவது, வெப்பம் உள்ளே ஊடுருவத் தொடங்குமுன்பே இறுக்கம் முடிந்துவிடுகிறது. ஆற்றல் முழுவதும் மேற்பரப்பிலேயே தங்குவதாகக் கொண்டால், மணியின் எடையில் ஆறில் ஒரு பங்குவரை உருகலாம். இது ஏறத்தாழ 3 மைக்ரான் கனமுள்ள தோல் போன்ற படலமாகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்படலத்தை அடுத்திருப்பது குளிர்ந்த உலோகமே. அது வெப்பத்தை விரைந்து உறிஞ்சிக்கொள்வதால், படலம் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவான காலத்தில் உறைந்துவிடுகிறது. மணியின் உட்பகுதி கெடுவதற்கோ, வேண்டாத வேதிவினைகள் பெரிதாக வளர்வதற்கோ நேரமில்லை.

வீடுகளில் பொரி உருண்டை பிடிப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். வெல்லப்பாகு பொரியின் மேற்புறத்தில் மட்டுமே படிகிறது. பொரியின் உட்புறம் மாறுவதில்லை. கையால் இறுக்கிப் பிடிக்கும்போது பாகு பொரிகளை இணைக்கிறது. பாகு ஆறி இறுகும்வரை கையை எடுக்கலாகாது. முன்னதாக எடுத்தால் உருண்டை உதிரும். வெடி முறையிலும் விதி இதுவே. உருகிய படலம் உறையும்வரை அழுத்தம் நீடித்திருக்க வேண்டும். அழுத்தம் நீடிப்பதோ சில மைக்ரோ வினாடிகளே. எனவே படலம் தேவைக்கு மேல் கனத்துவிட்டால், அது உறையுமுன் அழுத்தம் நீங்கி, ஒட்டு விட்டுப்போகும். மிகுந்த வெடிமருந்து மிகுந்த உறுதியைத் தரும் என்று எண்ணுவது இதனால் தவறாகும்.

உலோகமும் பீங்கானும்

அலுமினா, சிலிக்கன் கார்பைடு, டைட்டானியம் டைபோரைடு முதலியவை பீங்கான் இனப் பொருள்கள். இவை மிகக் கடினமானவை, வெப்பம் தாங்குபவை, தேய்மானம் குறைந்தவை. ஆனால் எளிதில் நொறுங்குபவை. உலோகம் வளையும், நீளும். ஆனால் விரைவில் தேயும். இரண்டையும் சேர்த்துக் கலப்புப் பொருளாக்கினால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

வெடி முறையில் இக்கலப்பிற்குத் தனிச் சிறப்பு உண்டு. அதிர்ச்சி அலை பாயும்போது மென்மையான உலோக மணிகள் குழைந்து, கடினமான பீங்கான் மணிகளின் இடைவெளிகளை நிரப்புகின்றன. கற்களுக்கிடையே சாந்து இறங்குவதுபோல் உலோகம் இறங்கி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. உருகும் படலமும் பெரும்பாலும் உலோகத்திலேயே தோன்றுகிறது. உலோகத்தின் பங்கு போதுமானதாக இருப்பின் திண்மப் பொருளின் அடர்த்தியை ஏறக்குறைய முழுவதும் எட்ட முடிகிறது.

தனிப் பீங்கான் தூளின் நிலை வேறு. அம்மணிகள் குழைவதில்லை, நொறுங்கியே இடைவெளியை நிரப்புகின்றன. அவற்றை இறுக்க மிகுந்த அழுத்தம் வேண்டும். அழுத்தம் மிகமிக, விரிசலும் மிகுகிறது. இத்துறையின் மையச் சிக்கல் இதுவே.

அழுத்தம் நீங்கும்போது

தூளை இறுக்கப் போதிய அழுத்தத்தைத் தோற்றுவிப்பது வெடிமருந்திற்கு அரிதன்று. அவ்வழுத்தத்தைத் தீங்கின்றி நீங்கச் செய்வதே அரிது. அழுத்த அலை பொருளின் வெளிப்புற எல்லையை அடைந்ததும், அங்கே எதிர்த்துத் தாங்குவதற்கு எதுவுமின்மையால் எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பும் அலை அழுத்தும் அலையன்று, இழுக்கும் அலை. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும் அளவிற்கு இழுப்பைத் தாங்குவதில்லை. பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு இழுவிசையிலேயே அது பிளந்துவிடும். ஆகவே வரும்போது மணிகளை இணைத்த அலையே, திரும்பும்போது அவற்றைப் பிளக்கிறது. இவ்வாறு எதிரொலித்த அலையால் உலோகத் தகட்டின் பின்புறம் பெயர்ந்து தெறிப்பதை 1914-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் ஆராய்ந்து காட்டினார்.

வகுப்பறையில் இதனைத் தீங்கின்றி விளக்கலாம். மேசைமேல் இரண்டு அடிக்கோல்களை இணையாக வைத்து, அவற்றிற்கிடையே ஐந்து கேரம் காய்களை ஒன்றையொன்று தொடுமாறு வரிசையாக அடுக்குக. ஒரு முனையில் மற்றொரு காயைச் சுண்டி மோதச் செய்தால், நடுவிலுள்ள காய்கள் ஏறக்குறைய அசையாதிருக்க, மறுமுனையிலுள்ள கடைசிக் காய் மட்டும் பிரிந்து ஓடும். காய்கள் மெல்லிய பசையால் ஒட்டப்பட்டிருந்தால், அக்கடைசி ஒட்டே முதலில் விடும் என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

நோயைக் காட்டும் இச்சோதனையே மருந்தையும் காட்டுகிறது. காப்பாற்ற வேண்டிய பொருள் நடுக்காய்களாக அமையுமாறு, அதன் வெளிப்புறத்தில் அதே இயல்புடைய வேறு உலோகத் துண்டுகளை வைத்துவிட்டால், அவை அலையின் உந்தத்தை ஏற்றுக்கொண்டு தெறித்துச் செல்லும், பொருள் தப்பும். ஆராய்ச்சிக் கூடங்களில் குழாயின் முனைகளில் கனத்த அடைப்பான்களை வைப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. தூளை முன்கூட்டியே சூடாக்கி வெடியதிர்விற்கு உட்படுத்துவது மற்றொரு வழி. சூடான பொருள் சற்றுக் குழைவதால் குறைந்த அழுத்தமே போதும், விரிசலும் குறையும். டைட்டானியத் தூளும் கரித்தூளும் வினைபுரிந்து தாமே வெப்பத்தை வெளியிட்டுக் கார்பைடாக மாறும் இயல்புடையவை. அவ்வினை முடிந்து பொருள் தழலாக இருக்கும்போதே அதனை இறுக்குவது இவ்வழியின் நீட்சியாகும்.

நடுவில் தோன்றும் துளை

உருளை வடிவ அமைப்பில் வேறொரு இடர்ப்பாடும் உண்டு. நாற்புறமிருந்தும் உள்நோக்கி வரும் அலைகள் நடு அச்சில் கூடுகின்றன. கூடுமிடத்தில் அழுத்தம் பன்மடங்கு பெருகுகிறது. வெடியின் வலிமை மிகுந்தால் அச்சிலுள்ள பொருள் உருகி வெளியேறி, நெடுகத் துளை விழுந்துவிடும். வலிமை குறைந்தால் வெளிப்புறம் இறுகி, நடுப்பகுதி தளர்ந்தே நிற்கும். விளிம்பிலிருந்து நடுவரை அடர்த்தி சீராக அமையும் வகையில் வெடியின் வேகத்தையும் அளவையும் தூளின் தன்மைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சில் ஒரு திண்ம உலோகக் கம்பியை வைத்து, அலைகள் கூடும் இடத்தைத் தூளுக்கு உரியதல்லாமல் செய்துவிடுவதும் வழக்கம். தண்ணீரின் வழியாக அலையைச் செலுத்தி, அழுத்தம் சற்று நீண்ட நேரம் நிலைக்கச் செய்யும் முறையை ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தினர் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வளர்ச்சியும் பயனும்

1950-களில் அமெரிக்காவில் இம்முயற்சிகள் வேகம் பெற்றன. 1958-இல் லரோக்கா, பியர்சன் ஆகிய இருவரும் வெடியால் இயங்கும் அழுத்தக் கருவி ஒன்றை விவரித்தனர். 1961-இல் டிகார்லி, ஜேமீசன் ஆகியோர் அதிர்ச்சி அலையால் கிராபைட் வைரமாக மாறுவதைக் காட்டினர். வெடியால் செய்யப்பட்ட நுண்ணிய வைரத் தூள் பின்னர் மெருகிடும் பொருளாக விற்பனைக்கும் வந்தது. சோவியத் நாட்டிலும் நோவோசிபிர்ஸ்க் முதலிய இடங்களில் இத்துறை பெரிதும் வளர்ந்தது.

தொழிலளவில் மிகுந்த வெற்றி பெற்றது இதன் உடன்பிறப்பாகிய வெடிப் பற்றவைப்பே. இருவேறு உலோகத் தகடுகளை வெடியின் வேகத்தில் மோதச் செய்து ஒட்டுவது அம்முறை. டைட்டானியம் போர்த்திய எஃகுத் தகடுகள் இரசாயன ஆலைகளின் கலங்களுக்கு உதவுகின்றன. எஃகுக் கப்பலின்மேல் அலுமினியக் கட்டமைப்பைப் பொருத்தும் இணைப்புத் துண்டுகளும் அவ்வாறே செய்யப்படுகின்றன. இந்தியாவில் சண்டிகரில் 1961-இல் நிறுவப்பட்ட பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் வெடி, அதிர்ச்சி அலை ஆகியவற்றை ஆராய்கிறது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெடிப் பற்றவைப்பு பற்றிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன.

தூள் இறுக்கும் முறை அத்தகைய பெருந்தொழிலாக வளரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பொருளைத்தான் செய்ய முடிகிறது. பெரும்பாலும் எளிய வடிவங்களே கிடைக்கின்றன. விரிசல் அச்சமும் முற்றிலும் நீங்கவில்லை. சூடான வாயுவால் எல்லாப் புறமும் சமமாக அழுத்தும் முறை, மின்னோட்டத்தால் தூளை விரைந்து சூடாக்கி அழுத்தும் முறை ஆகியவை பல தேவைகளைக் குறைந்த இடருடன் நிறைவேற்றுகின்றன. எனினும், நெடிய வெப்பத்தைத் தாங்காத தூள்களையும், ஒன்றாக உருகாத இணைகளையும் ஆராய்வோருக்கு வெடி முறை இன்றியமையாத கருவியாகவே உள்ளது.

ஒரு எச்சரிக்கை

இம்முறையின் தத்துவத்தைக் கற்பிக்கக் கேரம் காய்களும் பொரி உருண்டையும் போதும். பட்டாசு மருந்து உள்ளிட்ட எந்த வெடிபொருளையும் கொண்டு இதனைச் செய்துகாட்ட முயலுதல் கூடாது. மூடிய உலோகக் குழாயில் நிகழும் சிறு வெடிப்பும் அக்குழாயையே சிதறும் சில்லுகளாக்கிவிடும். வெடிபொருளைச் செய்தல், வைத்திருத்தல், பயன்படுத்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. உரிமமும் பயிற்சியும் உடையோர், அதற்கெனக் கட்டப்பட்ட அரண்களில் தொலைவிலிருந்து இயக்கியே இவ்வேலையைச் செய்கின்றனர்.

வெடிமருந்து இல்லாதபோதும் தூளிடம் கவனம் வேண்டும். நுண்ணிய அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றின் தூள் காற்றில் பறந்து பரவினால், ஒரு தீப்பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதுமானது. அத்தூள் பற்றிக்கொண்டால் அதன்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. ஊற்றினால் ஹைட்ரஜன் தோன்றித் தீ மேலும் பெருகும். உலர்ந்த மணலைத் தூள் கிளம்பாதவாறு மெல்லப் பரப்பி மூடுவதே முறை. பட்டறைகளைப் பார்வையிடும் பணியாளர்கள் மூலைகளிலும் உத்திரங்களின் மேலும் இத்தகைய தூள் படியவிடாமல் நாள்தோறும் அகற்றச் செய்தல் வேண்டும்.